மேல்வரிசை, முன்பக்கம், ஆணி அடிக்கக் கூடாது

செங்கமலபுரத்தில் யாருக்காவது பல் விழுந்தால், மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஈறு அந்த இடத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிடும். 'வாடகைக்கு விடப்படும்' என்று அதில் எழுதியிருக்கும். அட்டை கட்டைவிரல் நகம் அளவுதான். கையெழுத்து மட்டும் ஈறுக்கு ஈறு மாறும். கடைவாய் ஈறுகள் கிறுக்கித் தள்ளும். முன்வரிசை ஈறுகள் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நிறுத்தி நிதானமாக எழுதும்.

தங்கபுஷ்பத்துக்கு மேல்வரிசை முன்பல் விழுந்தது ஐப்பசி ஏழாம் தேதி, முகூர்த்த நாள். அலங்காரவள்ளி திருமண மண்டபத்தின் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டி, சிரித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. வாசலில் சிரிப்பு வாங்காமல் செங்கமலபுரத்துக்காரர்கள் கல்யாணத்துக்குள் போவதில்லை. போனாலும் சாப்பாடு இறங்காது, ரசத்தோடு பந்தியிலிருந்து எழுந்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அறுநூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களுக்குச் சிரித்திருந்தாள். தட்டு கையிலேயே இருப்பதால் ஐம்பது பேருக்கு ஒரு கற்கண்டு தன் வாயிலும் போட்டுக் கடித்துக்கொள்வாள். அதைத் தீனியாக அவள் நினைத்ததில்லை, வேலையில் சேர்த்தி என்றுதான் நினைத்தாள். அன்றைக்குப் பல்லும் கற்கண்டும் மோதியதில் கற்கண்டுதான் முழுசாக வெளியே வந்தது.

வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை. தை இருபதாம் தேதி, அதே மண்டபத்தில், அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை செண்பகராமன், மண்டபத்துக்குச் சீரியல் லைட் போடுகிறவன். பதினோரு வருஷமாக அவள் வாசலில் நிற்க, அவன் வாசல் வளைவுக்குப் பின்னால் ஏணியில் நின்றான். ஒருநாள் மேலேயிருந்து, கீழே இருந்த ஸ்விட்சைப் போடச் சொன்னான். போட்டாள். மணமக்கள் பெயர் எரிய வேண்டிய இடத்தில் இவர்கள் இரண்டு பேர் பெயரும் பச்சையும் சிவப்புமாக எரிந்தன. அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கல்யாண வீட்டாரும் நல்ல மனுஷர்கள், அன்றைக்கு அந்தப் பெயர்களிலேயே தாலி கட்டிக்கொண்டு, இன்றுவரை அப்படியே இருக்கிறார்கள்.

நாற்பத்திரண்டு வயதுவரை ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சிரித்துக் கொடுத்தவளுக்கு, தன் கல்யாணத்தன்று வாசலில் தானே நின்று, வாய் நிறையச் சிரிக்க வேண்டும் என்று ஆசை. அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. நகை வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை.

அட்டையை மாட்டியதிலிருந்து வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. "வாங்க" என்று சிரித்தால், வந்தவர் அப்படியே நின்று, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அட்டையைப் படிப்பார். தண்ணீர் வசதி எப்படி என்பார். கிழக்குப் பார்த்ததா, தெற்குப் பார்த்ததா என்பார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், தம்பதியாக வந்தவர், மனைவியையும் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாளுக்கு இடம் பிடித்திருந்தது, ஆனால் சமையலறை இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது.

அடுத்த கல்யாணத்தில் தங்கபுஷ்பம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, செய்தி கேள்விப்படாமல் வந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டு, பரிசுப் பொருளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சில பேர் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். இருநூறு பேருக்குச் சமைத்த சாம்பார் அப்படியே இருந்தது.

செங்கமலபுரத்தில் பல் டாக்டர்தான் வீட்டுப் புரோக்கரும். இரண்டுக்கும் ஒரே படிப்பு. டாக்டர் ஜெனோவா இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும், மேஜைமேல் ஒரு தடித்த டைரியும் வைத்திருந்தார். தங்கபுஷ்பத்தை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, அட்டையைப் படித்துவிட்டு, நல்ல ஏரியா என்றார். முன்வரிசை, காற்றோட்டம், அக்கம்பக்கம் எல்லாம் படித்த பற்கள். ஆனால் ஓனரம்மாவிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். செங்கமலபுரத்தில் ஈறை யாரும் ஈறு என்று கூப்பிடுவதில்லை, ஓனரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பிடிக்காத ஆளக் குடிவச்சா மொதல்ல மொகத்தத் தூக்கி வச்சிக்கிடுவாங்க அக்கா," என்றார் டாக்டர். "அப்புறம் செவந்து வீங்குவாங்க. பல்லு தேய்க்கையில ரத்தம் வரும். கடைசில வீட்டப் பூட்டிட்டு மேல ஏறிருவாங்க. அப்புறம் தலகீழா நின்னு கூப்பிட்டாலும் எறங்க மாட்டாங்க."

அவரிடம் வந்த கணக்கு வாத்தியார் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. ஓனரம்மாவைக் கேட்காமல் யாரையோ குடிவைத்தார். ஓனரம்மா மேலே மேலே ஏறி, இப்போது இடது புருவத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். பொங்கலுக்கு மட்டும் கீழே வந்து போகிறார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். இந்தக் காலத்தில் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் இம்பிளான்ட் ஆட்கள். எலும்புக்குள் ஆணியாக இறங்கி உட்கார்ந்து, எலும்பு அவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ள மூன்று மாசத்துக்குக் கொஞ்சம் குறைய ஆகும். அதற்குப் பிறகுதான் மேலே பல் கட்ட முடியும். தை இருபதுக்குச் சிரிக்க வேண்டுமென்றால் ஐப்பசி இருபதுக்குள் யாரையாவது குடிவைத்தாக வேண்டும். தங்கபுஷ்பம் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது நாள் இருந்தது.

மறுநாளே ஆள் பார்க்க ஏற்பாடாயிற்று. டாக்டர் நாலு நாற்காலி போட்டார். வந்தவர்கள் யாரும் சுண்டுவிரல் நுனியைத் தாண்டாத உயரம் என்றாலும் ஆளுக்கொரு நாற்காலி கொடுத்தால்தான் மரியாதை. ஈறு பேச வேண்டுமென்றால் வாய்க்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும். தங்கபுஷ்பம் திறந்து வைத்துக்கொண்டாள். ஓனரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிபந்தனைகளை வரிசையாகச் சொன்னார்.

ரெண்டு வேளையும் வாசல் கழுவ வேண்டும். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள முடுக்கையும் நூல்விட்டுச் சுத்தம் பண்ண வேண்டும். விருந்தாளி வரலாம், ராத்திரி தங்கக் கூடாது. முக்கியமாகக் கீரையும் முருங்கைக்காய்ச் சக்கையும் வந்தால் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். புகை ஆகாது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத வீடு இது, நிறம் மங்காத சுவர், அதைக் காப்பாற்றித் தர வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு," என்றார் ஓனரம்மா. "ஆணி அடிக்கக் கூடாது."

நாற்காலிகளில் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் எழுந்தவர் கழற்றி மாட்டுகிற பல்செட்டுக்காரர். தமக்கு ஆணியே வேண்டாம், ஓனரம்மா தலைமேல் சும்மா உட்கார்ந்துகொள்வேன் என்றார். ராத்திரி எங்கே படுப்பீர் என்று ஓனரம்மா கேட்டார். டம்ளரில் என்றார் அவர். வீட்டில் படுக்காத ஆளுக்கு வீடு எதற்கு என்று அவரை அனுப்பிவிட்டார். அடுத்தவர் பாலம் போடுகிறவர். அவருக்கும் ஆணி வேண்டாம், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரையும் கொஞ்சம் இழைத்துத் தந்தால் அவற்றின்மேல் கையைப் போட்டுத் தொங்கிக்கொள்வார். இதைக் கேட்டதும் இடதுபக்கத்துப் பல்லும் வலதுபக்கத்துப் பல்லும் ஒரே சமயத்தில் கூசின. தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவரும் போனார்.

மூன்றாமவர் டைட்டானியம். சாம்பல் நிறம், அடக்கமான மனுஷர், உடம்பெல்லாம் திருகாணிபோல மரை. ஐம்பது வருஷத்து நற்சான்றிதழ்களை ஒரு ரப்பர்பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். போன இடத்தில் எல்லாம் எலும்பு தம்மை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் என்றும், கற்கண்டு என்ன, கருங்கல்லைக் கடித்தாலும் தாங்குவேன் என்றும், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஓனரம்மா அவரைத் தமக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னார். நின்றார். டாக்டர் கண்ணாடியைக் காட்டினார். ஓனரம்மாவின் தோல் மெல்லிசு. இளஞ்சிவப்புச் சுவர் வழியாகச் சாம்பலாக ஒரு நிழல் தெரிந்தது.

"உள்ள ஒரு போலீஸ்காரர் நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் ஓனரம்மா. "பாக்குறவங்க என்னமோ ஏதோன்னு நெனைக்க மாட்டாங்களா?"

நாலாமவர் சிர்கோனியா, பீங்கான் வம்சம். வெள்ளை வெளேரென்று, தலை வாரி, பேச்சில் பணிவு. தன்மேல் அழுக்கு அவ்வளவாக ஒட்டாது என்றான். அவனைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்தால் நிழலே விழவில்லை. ஓனரம்மா குளிர்ந்துபோய் இன்னும் கொஞ்சம் இளஞ்சிவப்பானார். ஆனால் டாக்டர் ஜெனோவா நியாயமான புரோக்கர், இருப்பதைச் சொல்லிவிடுவார். தம்பி நல்ல பையன்தான், சான்றிதழ் கொஞ்ச வருஷத்துக்குத்தான் இருக்கிறது, வளைந்து கொடுக்கிற சுபாவம் கிடையாது, பலமாக ஓர் அடி விழுந்தால் ஒடிந்துபோவான் என்றார். தங்கபுஷ்பம் கற்கண்டுத் தட்டை நினைத்துப் பார்த்தாள். சிர்கோனியாவும் அதையே நினைத்தவன்போல உட்கார்ந்துவிட்டான்.

எப்படியும் இரண்டு பேருமே ஆணிதான். ஓனரம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஆணி கிடையாது என்றால் கிடையாது. டாக்டர் டைரியை மூடினார். அன்றைக்கு ஐப்பசி பன்னிரண்டு.

தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரே வாயில் அவளும் ஓனரம்மாவும் பேச வேண்டியிருந்ததால் முறை வைத்துக்கொண்டார்கள். முந்தின ஆள் முப்பத்தைந்து வருஷம் ஆணி இல்லாமல்தானே இருந்தான் என்று ஓனரம்மா ஆரம்பித்தார். அவன் பிறந்த வீடு அது, வருகிறவனுக்கு அப்படி முடியுமா என்றாள் தங்கபுஷ்பம். இப்படியே சாயங்காலம் வரை போயிற்று. கடைசியில்தான் ஓனரம்மா உள்ளே இருந்ததைச் சொன்னார்.

"ஏட்டி புஷ்பம், ஆணி அடிச்சவன் ஒருநாள் போயிருவான். ஓட்டை எங்கூடல்லா இருக்கும்."

தங்கபுஷ்பத்தின் முறை வந்தது. அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். அவள் குடியிருந்தது ஒற்றை அறை வாடகை வீடு. சொந்தக்காரர் நடேசன் சார், வருஷத்துக்கு ஒருமுறை வந்து சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் அவருக்கும் முதல் நிபந்தனை. பதினாலு வருஷமாகக் காலண்டரை ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்தாள். காற்றடித்தால் மாசம் மாறிவிடும், ஆடியில் ஒருமுறை அவள் மார்கழிக் கோலம் போட்டிருக்கிறாள். சாமி படம் அரிசி டப்பாமேல் சாய்ந்திருந்தது. அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

"ஓனரம்மா, ஓட்டையே விழாத செவத்த நான் தெனமும் பாக்கேன்," என்றாள். "பதினாலு வருசமா இருக்கேன், அதுல என் மொகம் ஒரு எடத்துலகூட இல்ல. நாளைக்குப் போய்ட்டா, இங்க ஒருத்தி இருந்தான்னு அந்தச் செவத்துக்கே தெரியாது. சுத்தமா இருக்கு, அவ்வளவுதான். அத வச்சிக்கிட்டு அது என்ன செய்யப்போவுது?"

இரண்டு நாள் வாயில் ஒரு சத்தமும் இல்லை. சோறு சாப்பிட்டாலும் காபி குடித்தாலும் ஓனரம்மா உம்மென்று இருந்தார். கொஞ்சம் வெளிறியும் போனார். தங்கபுஷ்பம் தான் பேசியது அதிகப்படியோ என்று வருந்தி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போது, பிரஷுக்கும் பேஸ்ட்டுக்கும் நடுவில், குரல் வந்தது.

"ஒரே ஒரு ஆணி."

கூடவே இரண்டு நிபந்தனையும் வந்தது. வெளியே நிழல் விழக் கூடாது. கற்கண்டுக்கு ஒடியக் கூடாது. டைட்டானியத்தை வைத்தால் முதல் நிபந்தனை போச்சு, சிர்கோனியாவை வைத்தால் இரண்டாவது போச்சு. டாக்டர் ஜெனோவா டைரியை மூன்று தரம் புரட்டிவிட்டு, இரண்டு குணமும் சேர்ந்த ஆள் இந்த வட்டாரத்தில் காலியாக இல்லை என்று கைவிரித்தார். ஓனரம்மா அட்டையில் இன்னொரு வரி சேர்த்துக்கொண்டார். தங்கபுஷ்பம் அதைப் படிக்க விரும்பவில்லை.

ஐப்பசி பத்தொன்பது. மறுநாளோடு கெடு முடிகிறது. மண்டபத்தில் ஒரு கல்யாணம், தங்கபுஷ்பம் வாசலில் உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். மண்டபத்துக்காரர்கள் அவள் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார்கள்: 'துக்கம் இல்லை, உள்ளே போகலாம்.' வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, இருந்தாலும் மெதுவாகவே உள்ளே போனார்கள். தங்கபுஷ்பத்துக்கு அவமானமாக இருந்தது. தை இருபதாம் தேதி தன் பக்கத்திலும் அந்த அட்டையை வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது தலைக்குமேல் லைட் எரிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வளைவு முழுக்க வெளிச்சம். ஏணியும் தெரியவில்லை, ஏணிமேல் நிற்கிறவனும் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவன் அங்கேதான் நிற்கிறான், கல்யாணத்துக்கு வந்த ஒரு ஆள்கூட அவனைப் பார்த்ததில்லை. வளைவின் பாரம் முழுக்க அவன் கட்டிய கம்பியில் நின்றது. வாசலில் பார்ப்பதற்கு அவள் இருந்தாள், அவ்வளவு போதுமாக இருந்தது.

"என்ன புஷ்பம் மேலயே பாக்க?" என்று வெளிச்சத்துக்குள்ளிருந்து செண்பகராமன் கேட்டான்.

அவள் பன்னீர்ச் செம்பை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டாக்டரிடம் நடந்தாள். அன்றைக்கு மிச்சக் கல்யாணத்துக்கு அட்டையும் செம்பும் சேர்ந்து வரவேற்றன. நன்றாகவே செய்தன என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டரின் அறையில் டைட்டானியமும் சிர்கோனியாவும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை. தங்கபுஷ்பம் அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். டைட்டானியம் அய்யா எலும்புக்குள்ளே, அடித்தளத்தில் இருக்கட்டும். பாரம் அவருடையது. ஓனரம்மாவின் மெல்லிய சுவர் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து தம்பி நிற்கட்டும். வாசல் அவனுடையது. ஆணி ஒன்றே ஒன்றுதான், நிழலும் விழாது.

டைட்டானியம் சான்றிதழ்க் கட்டின் ரப்பர்பேண்டைச் சரிபண்ணிக்கொண்டார். "அப்ப என்ன யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"பாக்க மாட்டாங்க அய்யா."

"நல்லதாப் போச்சு," என்றார். அவருக்குக் கூச்ச சுபாவம். இத்தனை வருஷம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கவலையிலேயே சாம்பலாகிப் போனவர்.

சிர்கோனியா எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஓனரம்மா வாய்க்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கீழ்வீட்டில் பெரியவர், மேலே வாசலில் வயசுப்பிள்ளை, குடும்பமாக இருப்பவர்களுக்குக் கொடுப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

ஐப்பசி இருபதாம் தேதி காலை, நல்ல நேரம் பார்த்து, பால் காய்ச்சினார்கள். டாக்டர் ஜெனோவா ஒரு சின்னக் கரண்டியில் பாலை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, தங்கபுஷ்பத்தின் வாய்க்கு நேரே பொங்கவிட்டார். கிழக்குப் பக்கம் பொங்கியது. மரத்துப்போக ஊசி போட்டார். ஆணி இறங்குகிறபோது ஓனரம்மா கண்ணை மூடிக்கொண்டார், தங்கபுஷ்பமும் மூடிக்கொண்டாள். முடிந்ததா என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு மூன்று மாசம் ஊரே காத்திருந்தது. சிர்கோனியா முறை வருகிறவரை டாக்டரின் டைரிக்குள் தங்கியிருந்தான். தங்கபுஷ்பம் இரண்டு வேளையும் வாசல் கழுவினாள், முடுக்கில் நூல் விட்டாள். செண்பகராமன் வாரம் ஒருமுறை சின்ன டார்ச்சை அடித்து ஓனரம்மாவின் நிறத்தைப் பார்த்துச் சொல்லுவான். எலும்பு டைட்டானியத்தை முதல் மாசம் முறைத்துப் பார்த்தது. இரண்டாம் மாசம் பேச்சுக் கொடுத்தது. மார்கழி பிறந்ததும் தோளில் கையைப் போட்டது.

மார்கழி பத்தாம் தேதி ஓனரம்மா சிவந்தார். காலையில் சிவப்பு, மத்தியானம் வீக்கம். தொட்டால் எரிந்தது. தங்கபுஷ்பத்துக்கு, இடது புருவத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அந்த ஓனரம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். டாக்டர் விளக்கைப் போட்டு முடுக்கைச் சோதித்தார். நூல் எட்டாத மூலையில், மாடிப்படிக்குக் கீழே, முருங்கைக்காய்ச் சக்கை ஒன்று பாய் விரித்துப் படுத்திருந்தது. நாலு நாளாக இருக்கிறதாம், தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டதாம். அதை வெளியேற்றி, உப்புத் தண்ணீரால் கழுவி, மன்னிப்புக் கேட்ட பிறகு ஓனரம்மா மெல்ல மெல்ல இறங்கிவந்தார். அந்த ஒரு வாரமும் தங்கபுஷ்பம் கஞ்சிதான் குடித்தாள்.

தை பிறந்து எட்டாம் நாள் சிர்கோனியா வாசலில் வந்து நின்றான். ஓனரம்மா அவன் கழுத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்பைப்போல ஒட்டிக்கொண்டார். அவன்மேல் டாக்டர் பல்லைக் கட்டினார். பதினெட்டாம் தேதி காலை பல் தேய்க்கும்போது வாயிலிருந்து என்னவோ விழுந்தது. தங்கபுஷ்பம் பதறிக் குனிந்து எடுத்தாள். அட்டை. ஓனரம்மா தம் கையாலேயே அறுத்துவிட்டிருந்தார்.

தை இருபது. செங்கமலபுரம் அன்றைக்குப் பார்த்ததுபோல ஒரு கல்யாணத்தைப் பார்த்ததில்லை. மணப்பெண் கூறைப்புடவையோடு வாசலில் நின்று பன்னீர் தெளித்தாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றான். தங்கபுஷ்பம் சிரித்தாள். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சிரித்துக் கொடுத்ததில் மிச்சம் பிடித்துவைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். சிரிப்பு வாங்கியவர்கள் உள்ளே போகாமல் சுற்றிவந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். தாசில்தாரம்மாள் நாலு தரம் வந்தாள். பந்தியில் ரசத்தோடு யாரும் எழவில்லை, மோரும் தீர்ந்து, மோருக்கு அப்புறம் மறுபடி சாம்பாரிலிருந்து ஆரம்பித்தார்கள். ஓனரம்மா மாதுளம்பூ நிறத்தில் இருந்தார். எங்கேயும் ஒரு நிழல் இல்லை. நடுவில் ஒரு கற்கண்டைக் கடித்துப் பார்த்தாள், இந்தத் தடவை கற்கண்டு இரண்டாயிற்று. அடித்தளத்தில் யாரோ அடக்கமாக இருமினார்கள்.

நடேசன் சாரும் வந்தார். அவள் சிரித்தபோது குனிந்து, உள்ளங்கையை நீட்டப்போய், சபை நாகரிகம் கருதி இழுத்துக்கொண்டு, ஈறைக் கண்ணாலேயே தடவிப் பார்த்தார்.

"ஆணி அடிச்சதாச் சொன்னாங்களே?"

"அடிச்சிருக்கு சார். உள்ள இருக்கு."

அவர் வெகுநேரம் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. கடைசியில், உன் வீட்டிலும் ஒன்று அடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

மாசி ஒன்றாம் தேதி டாக்டர் ஜெனோவா பையைத் தூக்கிக்கொண்டு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார். சுவருக்கு மரத்துப்போக ஊசி போட்டு, பால் பொங்கவைத்து, ஒரே ஓர் ஆணி இறக்கினார். கல்யாண போட்டோ அரிசி டப்பாமேல் சாமிக்குப் பக்கத்தில் காத்திருந்தது. தங்கபுஷ்பமும் செண்பகராமனும் இரண்டு வேளையும் சுவரைத் தேய்த்தார்கள். ஆணியைச் சுற்றி நூல் விட்டார்கள். சித்திரை கழிந்து, வைகாசி பிறந்த அன்றைக்கு, டாக்டர் வந்து ஆணியை விரலால் தட்டிப் பார்த்து, பிடித்துக்கொண்டுவிட்டது என்றார்.

செண்பகராமன் ஏணி போட்டு போட்டோவை மாட்டினான். நேராக இருக்கிறதா என்று கேட்டான். தங்கபுஷ்பம் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். தன் முகம் அந்தச் சுவரில் இருந்தது, பக்கத்தில் அவன் முகம் இருந்தது. நேராக இருக்கிறது என்றாள்.

அப்போது சுவர் சிரித்தது. பதினாலு வருஷமாக மூடிவைத்திருந்த சிரிப்பு, மூலையிலிருந்து மூலைக்குப் போயிற்று. செங்கல் வரிசை முழுக்க நன்றாகத் தெரிந்தது. மேல்வரிசையில், முன்பக்கம், ஒரு செங்கல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் நூலில் ஓர் அட்டை தொங்கியது.

செண்பகராமன் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, அட்டையைப் படித்துவிட்டு, தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டான்.